83 லட்சம் புள்ளிகளும் ஒரு சிமிட்டலும்

3840×2160 லேப்டாப் திரையில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள். 1920×1080 திரையைப்போல் நாலு மடங்கு. காசைக் கொட்டி வாங்கியவர், எழுத்து எறும்பாகத் தெரிகிறதென்று முதல் வேலையாக அளவை 200 சதவீதமாக்குகிறார். திரையில் இடம் பழையபடியே. எழுத்து கூர்மையாகிறதே என்பார்கள். உண்மைதான், புது மென்பொருளில். பழையதை விண்டோஸ் இழுத்துப் பெரிதாக்கும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தோன்றும். திரை சிமிட்டினாலோ, டிரைவரைப் புதுப்பி என்பதே சர்வரோக நிவாரணி. சில நேரம் புதுப்பித்ததுதான் நோயே. அதற்குமுன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு திரையில் பார்க்கலாம்: கோளாறு அதிலும் இருந்தால் பெரும்பாலும் மென்பொருளோ கிராபிக்ஸ் சிப்போ, இல்லையென்றால் பேனல், கேபிள், படம் போய்ச்சேரும் வழி. லினக்ஸில் இன்டெல் சிப்புக்குச் சொல்லும் வைத்தியம் இன்னும் அழகு: மின்சாரத்தை மிச்சப்படுத்த வைத்த பேனல் செல்ஃப் ரெஃப்ரெஷை அணைத்துவிடு. பேட்டரி சற்றுச் சீக்கிரம் தீரும். அதுவரை 83 லட்சமும் ஆடாமல் நிற்கும்.