வேலை பிரிச்சுக் குடுக்க ஒரு ஆளாம்ல!

வா மாப்ளே, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. பட்டறையில வேலை பிரிச்சுக் குடுக்குறதுக்குன்னே தனியா ஒரு ஆளைப் போடப் போறியாம்ல, ஒங்க அத்தை சொன்னா. அதுக்கு டிஸ்பாட்சர்னு பேராம். பேரைக் கேட்டாலே சம்பளம் கூடக் கேக்கும்னு தெரியுது. ரொம்பச் சந்தோசம். மதுரைக்குள்ள இத்தனை ஒர்க்‌ஷாப்பு இருக்கு, ஒன் புத்தியிலயும் இது உதிச்சிருக்கு பாரு. எங்க அக்கா வயித்துல பொறந்த பிள்ளைல்ல!

நான் அங்கிட்டு வந்தா டீயைக் குடிச்சுப்புட்டுச் சும்மா தூங்குறேன்னுதான நெனைக்கிற? கண்ணை மூடுனா காது நல்லாக் கேக்கும்யா. காலையில ஒம்பதரைக்கு அத்தனை காரும் மொத்தமா வந்து நிக்குது. நீ காதுல போனை வச்சுக்கிட்டு, கையில சாவியை ஆட்டிக்கிட்டு, எவன் கண்ணுல படுறானோ அவன் தலையில வேலையைக் கட்டுற. இஞ்சின் பிரிக்கத் தெரிஞ்ச பெரிய மேஸ்திரி வைப்பர் பிளேடு மாத்திக்கிட்டு நிக்கிறாரு. இப்பத்தான் சேந்த பய கியர்பாக்ஸுக்கு அடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு மேல பாத்துக்கிட்டே இருக்கான். என்னத்தத் தேடுறான்னு அவனுக்கே தெரியாது.

இன்னொண்ணு கவனிச்சியா? ஆயில் மாத்தணும், பிரேக் பேடு மாத்தணும்னா ஆளுக்கு முன்னாடி ஆளு ஓடுறாங்ய. ‘எங்கிட்டோ கடகடன்னு சத்தம் வருது’ன்னோ, ‘ஏசி ஒரு நேரம் குளுருது, ஒரு நேரம் குளுரல’ன்னோ ஒரு வண்டி வந்தாப் போதும், அத்தனை பேருக்கும் டீ குடிக்கப் போகணும். அந்த வண்டி மத்தியானம் வரைக்கும் அநாதையா நிக்குது. அவங்யளைக் குத்தம் சொல்லாத. லேபர்ல இத்தனை சதவீதம் இன்சென்டிவ்னு நீதான வச்ச? சத்தம் தேடுனதுக்கு பில்லுல எவ்வளவு போடுவ? அமெரிக்காவுல இது இன்னும் மோசமாம், பேரன் சொன்னான். அங்க நெறைய ஒர்க்‌ஷாப்புல மெக்கானிக்குக்குக் கடிகாரத்தைப் பாத்துக் கூலி இல்ல. இந்த வேலைக்கு இத்தனை மணி நேரம்னு புத்தகத்துல போட்டிருக்கும், அதுக்குத்தான் கூலி. ரெண்டு மணி நேர வேலையை ஒரு மணியில முடிச்சாலும் ரெண்டுக்குக் காசு, நாலு மணி இழுத்தாலும் ரெண்டுக்குத்தான். அப்ப எந்த வண்டி யாருக்குப் போகுதுங்கிறதுலதான அவன் வீட்டு அடுப்பே எரியுது? பிரிக்கிறவன் மேல அத்தனை பேரு கண்ணும் இருக்கத்தான செய்யும்!

அம்பாசடர் காலத்துல இந்தப் பேச்சே கெடையாது. ஒரு மேஸ்திரி, ரெண்டு கையாளு. கார்பரேட்டரைக் கழட்டி ஊதுறதும் அவருதான், பிரேக் ஷூ மாத்துறதும் அவருதான். 1983 கடைசியில மாருதி 800 வந்துச்சு, அதையும் அவங்களே கத்துக்கிட்டாங்க. பிரிக்கிறதுக்கு என்ன இருந்துச்சு? இப்ப அப்படியா? 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்தப்புறம் டீசல் காருன்னா புகை போற வழியிலயே ஒரு ஃபில்டரு, திரும்புன பக்கமெல்லாம் சென்சாரு. ஸ்கேனரைச் சொருகி, அது சொல்றது நெசமா பொய்யான்னு கண்டுபிடிக்கிறவன் ஒன் பட்டறையில ஒரே ஒருத்தன். அவனைத்தான் நீ பஞ்சர் ஒட்ட அனுப்புற.

பிரிச்சுக் குடுக்குறவன் எப்படி இருக்கணும்னு கேளு. நம்ம ஊரு கம்மாயை எடுத்துக்க. மடையைத் தெறக்குறது யாரு? நீர்க்கட்டி. சம்சாரி எவ்வளவு பெரிய மீசைக்காரனா இருந்தாலும் மடையில கை வைக்கக் கூடாது. தண்ணி கொறஞ்ச வருசம், தலைமடைக்கு இவ்வளவு நேரம், கடைமடைக்கு இவ்வளவு நேரம்னு முறை வச்சுப் பாய்ச்சுவாரு. அறுப்புக்கு அறுப்பு அவருக்கு நெல்லு அளந்துருவாங்க. இதுல சூட்சுமம் என்னன்னா, பல ஊருல அந்த ஆயக்கட்டுக்குள்ள அவருக்குன்னு சொந்த வயலு இருக்காது. (அதுக்குக் காரணம் நியாயம் மட்டும் இல்ல, சாதியும்தான். அந்தப் பேச்சைத் தொடங்குனா பொழுது விடிஞ்சுரும்.) சொந்த வயலு இருந்தா நடுராத்திரி தண்ணி எங்கிட்டுப் போகும்னு ஒனக்கு நான் சொல்லணுமா?

அதனால ஆளைப் போட்டா, அவன் கையில ஸ்பேனர் இருக்கக் கூடாது. மேஸ்திரியைக் கூப்பிட்டு ‘நீங்களே பாத்துக்கங்கண்ணே’ன்னு விட்டன்னா, காசு வர்ற வேலையெல்லாம் அவரு பக்கத்துலயே தங்கிரும். கவுண்டர்ல வண்டி வாங்குற அட்வைசர்கிட்ட விட்டன்னா, அந்தத் தம்பி வர்றவுக அத்தனை பேருக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெடின்னு தலையாட்டும். கிளட்ச் பிளேட்டு டவுன்ல கடையை விட்டே கெளம்பியிருக்காது.

சம்பளத்தை நெனைச்சுப் பயப்படுறியா? ஒனக்கு எட்டு மெக்கானிக். சாவி எங்கன்னு தேட, பார்ட்ஸ் வந்துச்சான்னு கேக்க, அடுத்து எதைத் தொடுறதுன்னு ஒன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிக்கன்னு, ஆளுக்கு ஒரு நாளைக்கு முக்கா மணி நேரம் போகுதுன்னு வச்சுக்க. ஆறு மணி நேரம் காலி. சாவி தேடுறதுக்குன்னே நீ ஏற்கெனவே கிட்டத்தட்ட ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுத்துக்கிட்டுத்தான் இருக்க. மூணு நாலு பேரு உள்ள பட்டறைன்னா வேண்டாம்னுதான் சொல்லுவேன். செவுத்துல ஒரு வெள்ளைப் பலகை, ஒரு மார்க்கர் பேனா, காலையில மேஸ்திரியோட பத்து நிமிசம் பேச்சு, அதுலயே ஓடிரும்.

வர்ற ஆளு பெரிய வித்தை எதுவும் காட்ட வேண்டியதில்ல. பார்ட்ஸ் கைக்கு வராம எந்த வண்டியையும் பிரிச்சுப் போட விடக் கூடாது. பிரிச்சுப் போட்ட வண்டி லிஃப்ட்டை விட்டு எறங்காது, அடுத்தவன் வண்டி வெயில்ல நிக்கும். இடிச்சுட்டு வந்த வண்டின்னா இன்சூரன்ஸ் சர்வேயர் பாத்துட்டுப் போற வரைக்கும் ஒரு போல்ட்டைக் கூடத் தொட விடக் கூடாது. புதுசாச் சேந்த அந்தப் பயலைத் தனியா விடாம மேஸ்திரி பக்கத்துல போட்டு, கஷ்டமான வேலையாக் காட்டணும். முக்கியமா, நாளு பூராத்தையும் காலையிலயே நெரப்பக் கூடாது. முந்தாநாள் போன வண்டி ‘அந்தச் சத்தம் இன்னும் கேக்குது’ன்னு திரும்பி வரும். வரும்யா, மூஞ்சியைத் திருப்பாத.

இதெல்லாம் ஆளு பாத்துக்கிருவான். அவனால பாத்துக்க முடியாத சங்கதி ஒண்ணு இருக்கு, அது நீதான். பலகையில வரிசை எழுதி வச்சிருப்பான். கவுன்சிலர் வண்டி வரும். நீ வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உள்ள ஓடியாந்து, ‘லிஃப்ட்டுல இருக்குறதை எறக்கு, அண்ணன் வண்டியை ஏத்து’ன்னு கத்துவ. அடுத்த நாளு கவுன்சிலரோட டிரைவரு சொந்தக்காரன் வண்டி. அதுக்கு மறுநாளு பலகையைப் பாக்குறவன் எவனும் இருக்க மாட்டான். பழையபடி ஒன் வாயத்தான் பாப்பாங்ய. அவசர வண்டின்னா அந்த ஆளுகிட்டயே போய், எல்லாரையும் போல நீயும் கேக்கணும். ‘ரெண்டு மணிக்கு மேலதாண்ணே முடியும்’னு அவன் சொன்னா, சரின்னு வெளிய வரணும். மொதலாளியா இருந்துக்கிட்டு அது முடியுமா ஒன்னால? முடியாதுன்னா சொல்லிரு, அந்தச் சம்பளத்துல ஒங்க அத்தைக்கு ஒரு வாசிங் மெசினாவது வாங்கிக் குடு.

ஆளு யாருங்கிறதையும் நீ முடிவு பண்ணிட்டயாம், ஒன் மச்சினனாம். நல்ல பையன்தான், குத்தமே சொல்ல மாட்டேன். பத்தரைக்கு எந்திரிக்கிறவன் ஒம்பதரைக்கு வர்ற வண்டியை எப்படிப் பிரிப்பான்னு மட்டும் யோசிச்சுக்க.

ஏன் வெளிய தேடுற? பில் போடுற மேசையில ஒரு பொண்ணு உக்காந்திருக்குல்ல, அதைப் பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்ட, போன்ல இருப்ப. எந்தச் சாவி எங்கன்னு அத்தனை பேரும் அதுகிட்டத்தான் கேக்குறாங்ய. பார்ட்ஸ் கடைக்காரன் அதுக்குத்தான் போன் போடுறான். எந்த வண்டி யாரு கையில கெடக்கு, வண்டிக்காரரு எத்தனை தடவை கேட்டுட்டாரு, மேஸ்திரி எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் எடுப்பாரு, எல்லாம் அந்த ஜாப் கார்டுக் கட்டுக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்கு. ஸ்பேனர் பிடிச்சதில்ல. டைமிங் செயின் மாத்துனா அன்னிக்கு அந்த லிஃப்ட்டை மறந்துரணும்னு அதுக்குத் தெரியும். தெரியாததை மேஸ்திரிகிட்டக் கேக்க அதுக்கு வெக்கமும் இல்ல. சொல்லப் போனா அந்த வேலையை அது இப்பவே பாத்துக்கிட்டு இருக்கு, நீ பில் போடுற சம்பளம் குடுத்துக்கிட்டு இருக்க.

போ, போய் அதுகிட்டப் பேசு. சம்பளத்தை மொதல்ல சொல்லு, வேலையை அப்புறம் சொல்லு. மெக்கானிக் அத்தனை பேரையும் நிக்க வச்சு, இனிமே இந்தப் புள்ள சொல்றதுதான்னு ஒன் வாயாலயே சொல்லு. பில் போட வேற ஆளுக்கு எங்க போவன்னு முழிக்கிறியா? ஒன் மச்சினனுக்குக் கூட்டல் கணக்கு வருமா?