கிளிவெட்டிக்கு வந்த அன்னம்

அன்னம் பாலையும் நீரையும் பிரிக்கும் என்பார்கள். 2010 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் எங்கள் திருகோணமலை மாவட்டத்துக் கிளிவெட்டிப் பக்கம் வந்திறங்கிய அன்னம், அந்த வேலையை எங்கள் தலையிலேயே கட்டிவிட்டது. யுத்தத்தை நடத்தச் சொன்ன ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷ ஒரு பக்கம், நடத்திக் கொடுத்தவர் மறுபக்கம். இரண்டில் எது பால் என்று கண்டுபிடித்துப் புள்ளடி போட வேண்டும்.

அன்னச் சின்னத்தில் வந்தவர் ஜெனரல் சரத் பொன்சேகா. சொந்த ஊர் அம்பலாங்கொடை, முகமூடிக்குப் பேர்போன இடம். 1970இல் ஆமியில் சேர்ந்து, 2005 டிசம்பரில் தளபதியானார். ஊர் அப்படியென்றாலும் ஆள் முகமூடி போடுகிறவரல்ல. இந்த நாடு சிங்களவருக்கே உரியது என்று தான் நம்புவதாக 2008இல் ஒரு கனடாப் பத்திரிகைக்குப் பச்சையாகவே சொன்னவர். மனதில் உள்ளதை மறைக்காத வேட்பாளர் யாருக்குக் கிடைப்பார்? எங்களுக்குக் கிடைத்தார்.

அவருக்கும் எங்களுக்கும் பழைய கணக்கொன்றும் உண்டு. 2006 ஏப்ரல் 25இல் கொழும்பு இராணுவத் தலைமையகத்துக்குள்ளேயே அவர்மீது தற்கொலைத் தாக்குதல் நடந்தது. படுகாயத்தோடு தப்பினார். அதற்குப் பதிலடியாக அன்று மாலையே எங்கள் மூதூர் கிழக்கில் குண்டு விழத் தொடங்கியது. செப்டம்பர் 4இல் சம்பூர் இராணுவத்திடம் பிடிபட்டது. ஓடிய சனம் வாகரை, மட்டக்களப்பு என்று சுற்றிவிட்டு, 2007 முதல் கிளிவெட்டி முகாமின் தகரத்துக்குக் கீழே வந்து சேர்ந்தது. அதற்கு ‘இடைத்தங்கல் முகாம்’ என்று பெயர். தமிழ்ப் புலவர்களைக் கேட்டால் இடை என்பது உண்டோ இல்லையோ என்று மெலிந்திருக்க வேண்டும் என்பார்கள். இந்த இடை சிலருக்கு ஒன்பது வருடம் நீண்டது.

இந்தச் சனத்திடம்தான் ஜெனரலுக்குப் போடுங்கள் என்று சம்பந்தன் ஐயாவின் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சொன்னது. மாவட்டம் போட்டது. திருகோணமலையில் பொன்சேகாவுக்கு 87,661 வாக்கு, மகிந்தவுக்கு 69,752. அன்பினால் அல்ல. மகிந்தவைக் கழற்ற கையில் வேறு சாவி இல்லை, அவ்வளவுதான். சாவியும் பூட்டும் ஒரே கொல்லன் பட்டறை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

இதில் பெரிய பகிடி, வேட்பாளரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லாதது. ஒரு சேனையையே வரிசையில் நிறுத்தியவருக்கு வாக்குச்சாவடி வரிசையில் இடமில்லை. அவரால் ஓடிய சனம் அவருக்குப் போட்டது, அவர் தனக்குப் போடவில்லை.

நாடு மகிந்தவைத் தேர்ந்தெடுத்தது. பெப்ரவரி 8இல் இராணுவப் பொலிசார் வந்து ஜெனரலைத் தூக்கிப்போனார்கள். நேற்றுவரை சல்யூட் அடித்த கைகள்! ஏப்ரலில் கொழும்பில் எம்.பி. ஆனார். பிறகு இராணுவ நீதிமன்றம் பதவிநிலையையும் பதக்கங்களையும் கழற்றிவிட்டு, 30 மாத மறியலையும் கொடுத்தது. எம்.பி. பதவியும் போயிற்று. 2012 மே மாதம் வெளியே வந்தார். 2015இல் புது ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மன்னிப்புக் கொடுத்து, மார்ச் 22இல் நாட்டின் முதல் பீல்ட் மார்ஷல் ஆக்கினார். பரமபதத்தில்கூட இவ்வளவு பெரிய பாம்புக்குப் பக்கத்தில் இவ்வளவு பெரிய ஏணி கிடையாது.

பீல்ட் மார்ஷலுக்கு ஓய்வே இல்லை என்பது மரபு. வாக்காளருக்கு அந்த மரபு தெரியவில்லை. அதே வருட ஆகஸ்ட் பொதுத் தேர்தலில் அவரது கட்சிக்கு நாடு முழுக்க 28,587 வாக்கு, ஆசனம் பூச்சியம். அப்போதும் கைகொடுத்தது திருகோணமலைதான். இந்த மாவட்டத்தில் அரசியல் செய்த அமைச்சர் எம்.கே.ஏ.டி.எஸ். குணவர்தன காலமாக, அந்தத் தேசியப் பட்டியல் கதிரையில் 2016இல் ஐக்கிய தேசியக் கட்சி பொன்சேகாவை அமர்த்தியது. கட்சியின் சின்னம் யானை. 2018இல் வனசீவராசிகள் இலாகாவும் வந்ததால், சின்னத்து யானை, காட்டு யானை இரண்டும் ஒருவர் பொறுப்பில். எங்கள் பக்கத்து யானைகள் இதைப் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை. வழக்கம்போல வயலுக்கு இறங்கின.

2024இல் பீல்ட் மார்ஷல் திரும்பவும் ஜனாதிபதித் தேர்தலில் குதித்தார். ஆளில்லாத மைதானத்தைப் பார்த்து அவர் பேசும் படங்கள் கைப்பேசிகளில் சுற்றின. முழு இலங்கையிலும் விழுந்தது 22,407 வாக்கு, 0.17 சதவீதம். 2010இல் எங்கள் ஒரு மாவட்டம் போட்டதில் கால்வாசியும் சொச்சமும். அதில் ஒன்றாவது அவரே போட்டதாக இருக்கும் என்று நம்புவோம்.