உடனே வருந்துக

உயர் நீதிமன்றத்தின் சிவில் தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் செல்லச் சான்று வேண்டுவோர், தீர்ப்பு வெளியான உடனேயே அதை வாய்மொழியாகக் கேட்டுவிட வேண்டும் என்று, 1978-ஆம் ஆண்டின் 44-ஆவது திருத்தம் அரசியல் சாசனத்தில் 134-ஏ என்னும் ஷரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. மதுரைக் கிளையில் தீர்ப்பு வாசிக்கப்படும் வேளையில், தருவைகுளத்துக் கட்சிக்காரர் நடுக்கடலில் வலை விட்டுக்கொண்டிருக்கக் கூடுமாதலால், அவர் சார்பில் உடனே வருந்தும் கடமை வக்கீலைச் சேர்கிறது. அவரும் வழக்குக் கட்டை மடக்கியபடியே எழுந்து, இன்னும் கண்ணால் பாராத தீர்ப்பில் பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டப் பிரச்னை அடங்கியிருப்பதாக விண்ணப்பிக்கிறார். சற்றுமுன் தாமே தீர்த்ததை மேலிடம் மறுபடி தீர்ப்பது அவசியமென்று நீதிபதிகள் சான்றளிக்க வேண்டுமாம். அத்தகைய வைராக்கியம் அபூர்வம்.

இதில் ஒரு விசித்திரம். சான்று கேட்டு மறுக்கப்பட்டவருக்கு உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனுப் போட 60 நாள். கேட்காமலே வீடு திரும்பியவருக்கு 90 நாள். அதுவும் போதாதவர்க்குத் தாமத மன்னிப்பு மனு உண்டு. அதை நம்பித்தான் தபால் இலாகா, கோப்பு மேஜைக்கு மேஜை நகர்ந்த கதையைச் சொல்லி 427 நாள் பிந்தி வந்து நின்றது. 2012-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.