தோட்டத்து வீட்டு இணையவியல்: முதல், கரு, உரி

ஊரிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் ஒற்றையாக நிற்கும் வீட்டுக்கு எந்த நெட் கனெக்‌ஷன் வாங்குவது? முனைவர் பட்டத்துக்குரிய இந்தக் கேள்வியை நம் மக்கள் டீக்கடை பெஞ்சிலேயே முடித்துவிடுகிறார்கள். “பக்கத்துத் தோட்டத்துல என்னங்க வெச்சிருக்காங்க?” என்று கேட்டு, அதையே தானும் வாங்கிவிடுவது வழக்கம். இந்த ஆய்வு நெறியை அறிஞர் உலகம் எள்ளி நகையாடக்கூடும். நம் ஆய்வின் முடிவும் கிட்டத்தட்ட அதுவேயாகப் போவதால், நாம் அடக்கி வாசிப்போம்.

ஆய்வெல்லை ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துத் தோட்டத்து வீடுகள். மலைக் கிராமங்கள் இதில் அடங்கா. 70 கொண்டை ஊசி வளைவு ஏறிய பின்னும் கொல்லிமலையில் டவர் தேடுவோரின் துயரம் தனி நூலுக்கு உரியது.

முன்னோர் முயற்சிகளைச் சொல்லாமல் ஆய்வு தொடங்கலாகாது. 2001-ஆம் ஆண்டு வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்கு, சென்னை ஐஐடியில் உருவான ‘கோர்டெக்ட்’ என்ற கம்பியில்லா முறையில் இணையம் போனது. வேகம் 35 அல்லது 70 கேபிபிஎஸ். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூ அந்த வேகத்தில் மலர மதியம் ஆகிவிடும் என்று நகைப்போர் உண்டு. ஆனால் பிராட்பேண்ட் என்று அழைக்க 512 கேபிபிஎஸ் போதும் என்ற இலக்கணத்தை இந்திய அரசு 2 எம்பிபிஎஸ் ஆக உயர்த்தியதே 2023 ஜனவரியில்தான்.

இனிப் பொருளிலக்கண முறைப்படி முதற்பொருளைக் காண்போம். முதற்பொருளில் நிலமும் பொழுதும் அடங்கும்.

நிலம் என்பது இங்கே தூரம். பழைய டெலிபோன் செம்புக் கம்பிக்குத் தூரம்தான் எமன். எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்து வீட்டில் 20 எம்பிபிஎஸ் கொடுத்த அதே கம்பி, ஐந்து கிலோமீட்டர் நடந்து தோட்டத்துக்கு வருவதற்குள் ஒன்றோ இரண்டோ மிச்சம் வைத்தால் பெரிது. கண்ணாடி இழைக்கு இந்தக் களைப்பு இல்லை. வழக்கமான வீட்டு ஃபைபர் முறையில் 20 கிலோமீட்டர் வரை ஒளி தாங்கும். ஆகவே ஃபைபரே சிறந்தது என்பது வெள்ளிடைமலை. ஐயம் ஒன்றுதான்: அது வீடு வரை வருமா?

ஊராட்சி வரை வரும். 2011-இல் வேறு பெயரில் தொடங்கி இன்று பாரத்நெட் எனப்படும் திட்டத்தில், தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுசெல்ல ‘டான்ஃபினெட்’ என்ற அரசு நிறுவனமே இருக்கிறது. ஆனால் ஊராட்சி அலுவலகத்திலிருந்து தோட்டம் வரையுள்ள மூன்று கிலோமீட்டரில் வாய்க்கால் ஒன்று, பங்காளி நிலம் இரண்டு, கம்பம் நடக்கூடாது என்று ஏற்கெனவே கோர்ட்டில் இருக்கும் வரப்பு ஒன்று. டெல்லியிலிருந்து ஊராட்சி வரை வந்த ஒளி இந்த இடத்தில் இளைப்பாறுகிறது. லோக்கல் கேபிள்காரர் மட்டும் யார் வரப்பில் போனால் யாருக்குக் கோபம் வரும் என்பதைத் தெரிந்துவைத்திருக்கிறார். நாட்டின் தொலைத்தொடர்புக் கொள்கை பற்றிய நூல்களில் இந்த அறிவுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கலாம்.

வயர் வராத வீட்டுக்கு டவரே கதி. இங்கே மக்கள் பாயிண்டை எண்ணுகிறார்கள். “ரெண்டு பாயிண்ட் காட்டுதுங்க” என்பது சான்றாகாது. எத்தனை கோடு காட்டுவது என்பதை அந்தந்த போன் கம்பெனியே முடிவு செய்கிறது. ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் ‘சிம் ஸ்டேட்டஸ்’ என்ற மூலைக்குப் போனால் உண்மையான எண் இருக்கும். மைனஸ் 85 என்றால் நிம்மதி. மைனஸ் 115 என்றால் மொட்டைமாடி. இரண்டுக்கும் வித்தியாசம் 30தானே என்று நினைக்கலாகாது. பத்துக்குப் பத்து மடங்கு என்ற கணக்கில், 30 என்பது ஆயிரம் மடங்கு. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் தோப்பைத் தாண்டியும் வரும். 2300 போன்றவை வேகமானவை, ஆனால் சுவரைக் கண்டால் சுணங்கும். எனவே நான்கு கம்பெனி சிம்மையும் கடன் வாங்கி, வீட்டின் நாலு மூலையிலும் எண்ணைக் குறித்துக்கொள்வதே ஆய்வு ஒழுக்கம். 2023-இல் வந்த ஏர்ஃபைபர்ப் பெட்டிக்கும் இதே விதிதான். 5ஜி டவர் எட்டாத இடத்தில் அது மொட்டைமாடிக்கு ஓர் அலங்காரம்.

பொழுதுக்கு வருவோம். கம்பெனிக்காரர் காலை பதினொரு மணிக்கு வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டுவார்; முள் பறக்கும். அந்நேரம் ஊரே களத்தில் இருக்கிறது. இராத்திரி எட்டரைக்கு ஐபிஎல் ஓடும்போது அதே டவரில் நாலு ஊர் தொங்கும். சோதனை அப்போது நடக்க வேண்டும். நாள் பார்த்துப் பால் காய்ச்சும் நாட்டில், நேரம் பார்த்து நெட் சோதிப்பது பெரிய காரியமில்லை.

அடுத்தது கருப்பொருள். இத்திணைக்கு உரிய விலங்கு அணில், துணை விலங்கு எலி, மரம் தென்னை, தொழிற்கருவி ஜேசிபி. அணில் ஏற்கெனவே அரசியல் ஏறிய பிராணி. 2021 ஜூனில் மின்தடைக்கு அணிலும் ஒரு காரணம் என்று அப்போதைய மின்துறை அமைச்சர் செந்தில்பாலாஜி சொல்ல, தமிழ்நாடே சிரித்தது. கேபிள் ஜாயிண்ட் அடிப்பவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள். மயிரிழை பருமனே உள்ள கண்ணாடிக்கு, அணில் பல்லென்ன, விழும் தென்னை மட்டையென்ன, எல்லாம் ஒன்றுதான். உடனே வீட்டுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரியும்.

“அண்ணா, சிவப்பு லைட் எரியுதுங்க.”

“மழை விடட்டுங்க, வந்து பாக்கறேன்.”

இங்கிருந்து உரிப்பொருள் தொடங்குகிறது. முல்லைக்கு உரியது காத்திருத்தல் என்பது பழைய முடிவு. தோட்டத்து இணையத்துக்கும் அதுவே. எனவே வாங்குமுன் கேட்க வேண்டியது, எத்தனை எம்பிபிஎஸ் என்பதை விட, சரிசெய்ய வருகிறவர் எந்த ஊர்க்காரர் என்பதே. பக்கத்து ஊர்க்காரர் என்றால் சாயங்காலம் பால் ஊற்றப் போகும் வழியில் ஏணியோடு வந்துவிடுவார். கஸ்டமர் கேர் மட்டுமே உள்ள கம்பெனி என்றால் புகார் எண் வரும், மெசேஜில் வரும், அதைப் பார்க்க டவர் வேண்டும். பக்கத்துத் தோட்டத்தை விசாரித்த டீக்கடை நெறி இங்கேதான் வெல்கிறது: அவர் வீட்டுக்கு வயர் வருகிறதென்றால், பழுது பார்க்க ஆளும் வருகிறார் என்று பொருள்.

காத்திருத்தலின் உச்சம் செயற்கைக்கோள். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் பழைய வகைக்குக் கேள்வி போய்ப் பதில் வர அரை விநாடிக்கு மேல். வீடியோ காலில் துபாய் மகன் “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டு, பதில் வருமுன் மறுபடி கேட்பது இதனால்தான். ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றுவதால் அந்தக் குறை இல்லை. 2025 ஜூனில் இந்தியாவில் உரிமமும் கிடைத்தது. ஆனால் அதன் தட்டுக்குத் திறந்த வானம் வேண்டும். தோப்புக்காரரிடம் நாலு தென்னையை வெட்டச் சொல்லிப் பார்க்கலாம். சொல்பவர் ஓடத் தெரிந்தவராக இருப்பது நல்லது.

மின்வெட்டை மறந்த ஆய்வு ஆய்வன்று. கரண்ட் போனால் ஃபைபர்ப் பெட்டியும் அணையும்; 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒன்று வைத்தால் சில மணி நேரம் தாங்கும். கேபிள்காரர் ஃபைபரும், வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு பழைய போனும் இருந்தால் அந்த வீட்டில் பிள்ளையின் ஆன்லைன் பரீட்சை நடந்துவிடும். ஃபைபரும் சிம்மும் ஒரே கம்பெனியாக இருந்தால், ரோட்டோரம் ஜேசிபி ஒரே வெட்டில் இரண்டையும் முடித்துவைக்க இடமுண்டு. டவருக்குப் போகும் கேபிளும் பல இடங்களில் அதே பள்ளத்தில்தான் படுத்திருக்கிறது.