சால்வைக்காரனின் விண்ணப்பம்

மலையடிவாரத் திரையரங்கின் பெருமதிப்பிற்குரிய நிர்வாகத்துக்கு,

கொடைக்கானலிலிருந்து அனந்தகோடி நமஸ்காரம். சென்ற ஞாயிறு, ஒரு சின்னப் படத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு, மலைச்சாலை வளைவுகளில் இரண்டு முறை வாந்தியெடுத்து, தங்கள் சன்னிதியை வந்தடைந்தேன். "நாலு பேர்தான் சார், ஷோ கேன்சல். சூப்பர் ஹீரோ படம் ஓடுது, அதப் பாத்துட்டுப் போங்க" என்றார் கவுன்டர் தம்பி. என் சால்வையை மேலும் கீழும் பார்த்தவர், "கெட்டப்புலதானே வந்திருக்கீங்க" என்று வேறு சொன்னார். வரிசையே சிரித்தது. முப்பது ரூபாய்க்கு 3டி கண்ணாடியும் தலையில் கட்டினார்.

படம் பிரமாதம். பொய்யில்லை, இரண்டு இடத்தில் விசிலே அடித்தேன். நாயகன் நாற்பதாவது மாடியிலிருந்து விழுந்தான். பக்கத்து சீட்டுப் பையன் பாப்கார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. முதுகில் சால்வை இருக்கிறதே, எழுந்துவிட மாட்டானா! அந்தக் கணக்குப்படி எங்கள் ஊரில் விடியற்காலை பால் ஊற்றுகிறவர் முதல் அவித்த கடலை விற்கும் ஆத்தா வரை அத்தனை பேரும் சூப்பர் ஹீரோதான்.

ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளத்துக்குச் சால்வை மரியாதை தெரியாது. 1991 தீபாவளிக்கு வந்த 'குணா'வில் கமல் அபிராமியின் உடலைச் சுமந்துகொண்டு மலையுச்சியிலிருந்து குதித்தார். பறக்கவில்லை. அன்று வசூலில் 'தளபதி' முந்திக்கொண்டது. படம் எடுத்த இடத்தின் டெவில்ஸ் கிச்சன் என்ற பெயரோ இன்று குணா குகை ஆகிவிட்டது. அதே குகைக் குழியில் 2006இல் விழுந்த பையனை மீட்கக் கயிறு கட்டி இறங்கியவன் அவன் கூட்டாளி. 2024இல் அது 'மஞ்சும்மல் பாய்ஸ்' ஆனபோது, பிழைத்துவிடுவான் என்று தெரிந்தே வந்தவர்களும் கயிறு இழுக்கும் காட்சியில் சீட்டின் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கயிற்றில் ஓர் ஆளின் கனம் இருந்தது.

சூப்பர் ஹீரோ கதைக்கு அந்தக் கனம் வாய்க்காது என்றும் சொல்லமாட்டேன். 'மின்னல் முரளி' படத்தில் மின்னல் இருவர் மேல் பாய்கிறது. என் மனதில் நிற்பவர் நாயகன் அல்ல, வில்லன் டீக்கடை ஷிபுவாக நடித்த நம் குரு சோமசுந்தரம். அந்த வில்லன் உடைந்து அழும்போது எந்தப் பக்கம் கைதட்டுவதென்று தெரியவில்லை.

நாலு பேர் என்றால் ஆட்களில்லையா ஐயா? காசை முன்கூட்டியே வாங்கினீர்களே, காலையில் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப விரல் இல்லையா? குழிக்குள் இறங்க ஒருத்தன் துணிந்தான். படம் ஓட்ட உங்களுக்கு நாலு பேர் போதாதா?

மன்னிக்கவும். சால்வை நழுவிவிட்டது.

வரும் ஞாயிறு தெருவில் ஆள் சேர்த்துக்கொண்டு பத்துப் பேராக வருகிறோம். எல்லோரும் சால்வையோடுதான். அந்தச் சின்னப் படத்தை மட்டும் தூக்கிவிடாதீர்கள். கண்ணாடியை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். முப்பது ரூபாய் இன்னும் வரவில்லை.