ஆறாவது கோல்: ஓர் அணியின் தோல்விகள் குறித்த தர ஆய்வு

ஆய்வுப் பொருள்: திருப்பூரில் ஒரு கல்லூரி ஃபுட்பால் அணி. கல்லூரியின் பெயர் வேண்டாம். தோற்றது நாங்கள்தான், கல்லூரி அல்ல. காலம்: ஒரே ஒரு பருவம். ஆடியது ஏழு ஆட்டம், தோற்றது ஏழு. ஆய்வாளனின் தகுதி: அந்த ஏழிலும் மாற்று கோல்கீப்பராகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களைக் காத்தவன். ஆய்வுலகில் இதைக் களப்பணி என்பார்கள்.

இத்தோல்விகளுக்கு முன்வைக்கப்பட்ட முதல் கருதுகோள் பி.டி. சாருடையது: "பசங்களுக்கு சீரியஸ்னஸ் பத்தலீங்க." உலகத்து எல்லாத் தோல்விக்கும் இது பொருந்தும் என்பதால் எதையும் விளக்கவில்லை. தள்ளுபடி.

இரண்டாவது, ஷிஃப்ட் கருதுகோள். பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு ஏறி மாலை ஐந்தரைக்கு இறங்கினால் ஒரு ஷிஃப்ட்; இரவு எட்டரை வரை இழுத்தால் ஒன்றரை. எங்களில் பாதிப்பேர் அந்த அரை ஷிஃப்டைப் பிடிக்க ஓடுகிறவர்கள். கைமடிக்கும் பேக்கிங்குக்கும் எந்த நாளும் ஆள் தேவை. பயிற்சிக்குக் குறித்த நேரமும் அதுவே. ஆகவே பதினொருவரும் ஒன்றாக மைதானத்தில் நின்றதை ஆட்ட நாளன்றி யாரும் கண்டதில்லை. மற்ற நாட்களில் ஆறு பேர் காம்பவுண்டுச் சுவரை எதிர்த்து ஆடினோம். பெரும்பாலும் சுவர்தான் வென்றது. சனிக்கிழமை ஆட்டம் என்றால் இன்னும் மோசம், அன்று சம்பளம். இடைவேளையில் "வாங்கிட்டு வந்தர்றேன்" என்று போன லெஃப்ட் பேக் திங்கட்கிழமை வந்தான். ஆனாலும் இக்கருதுகோளில் ஓர் ஓட்டை உண்டு. எங்களைத் தோற்கடித்தவர்களில் இரண்டு அணிகள் இதே ஊர். அவர்களுக்கும் அதே ஷிஃப்ட்தான்.

மூன்றாவது, அடியேனுடையது. சீருடை காதர்பேட்டையில் எடுத்தது. ஏற்றுமதிக்குத் தைத்துத் தேறாமல் நின்ற செகண்ட்ஸ். கிலோ கணக்கில் வாங்கவில்லை, பீஸ் கணக்கில்தான் வாங்கினோம், அந்த மட்டில் கௌரவம் இருந்தது. நெஞ்சில் ஏதோ ஓர் ஐரோப்பிய ஊரின் பெயர், ஓர் எழுத்து குறைவாக. எட்டாம் நம்பர் இரண்டு பேருக்கு. துணி சிங்கிள் ஜெர்சி. வட்டப் பின்னல் மிஷினில் ஓட்டிய அந்தத் துணியில் நூலின் முறுக்கு அடங்காமல் கிடக்கும். அதை ஒழுங்காக அடக்காவிட்டால் முதல் அலசலிலேயே தன் வேலையைக் காட்டிவிடும். விலாவில் இருக்கவேண்டிய தையல் மெல்ல நகர்ந்து தொப்புளைப் பார்க்க வரும். கம்பெனிகளில் இதற்கு ஸ்பைராலிட்டி என்று பெயர். இரண்டாவது ஆட்டத்துக்குள் பதினொரு பேருக்கும் தையல் திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் அடித்த பந்தெல்லாம் கம்பத்துக்கு இடப்பக்கமாகவே போனது. இரண்டுக்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை. மறுக்கப்படவும் இல்லை.

இவையெல்லாம் ஏன் தோற்றோம் என்பதற்கு. ஆராயவேண்டிய கேள்வி வேறு: ஏழு முறை தோற்றும் ஏன் ஒருவனும் வருத்தப்படவில்லை?

விடை எங்கள் கோல்கீப்பரிடம் இருக்கிறது. மாலையில் அவனுக்கு ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆயிரம் பீஸ் உள்ள லாட்டில் பையரின் ஆள் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. 80 பீஸை உருவி விளக்கடியில் விரிப்பார். ஏற்கத்தக்க தர எல்லை, அதாவது ஏ.க்யூ.எல்., 2.5 என்று பேசியிருந்தால், அந்த 80-ல் ஐந்து பெரிய குறை வரை லாட் பாஸ். ஆறாவதாக ஓர் ஓட்டையோ எண்ணெய்க்கறையோ கண்ணில் பட்டால் மொத்தமும் ரிஜெக்ட்; பெட்டியைப் பிரித்து மறுபடி செக் செய்து மறுபடி கட்டவேண்டும்.

முதல் ஆட்டம் 5-0. பி.டி. சார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, "அஞ்சு வரைக்கும் பாஸுங் சார். ஆறு வந்தாத்தானுங் ரிஜெக்ட்டு" என்றான். சார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் வீட்டு மாடியிலும் நாலு பவர்டேபிள் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தலையாட்டினார்.

அன்றோடு அணிக்கு ஓர் இலக்கு கிடைத்தது. ஐந்தாவது விழும்வரை யாரும் அலட்டிக்கொள்வதில்லை. விழுந்த பிறகு பார்க்கவேண்டுமே, ஃபார்வர்டு உட்படப் பத்துப் பேரும் கோல் வாசலில். அந்தப் பருவத்தில் ஒரே ஒரு ரிஜெக்ட்: மழை நாளில் வாங்கிய எட்டு. அதைச் சாயம் போன லாட் என்று தனியே ஒதுக்கினோம்.

இந்த அளவுகோலை உலகத் தோல்விகளுக்கும் வைத்துப் பார்த்தேன். இங்கிலாந்தின் டெர்பி கவுண்டி 2007-08 பிரீமியர் லீகில் 38 ஆட்டத்தில் ஒன்றே ஒன்று வென்றது. புள்ளி 11, வாங்கிய கோல் 89. ஊரே சிரித்தது. ஆனால் ஆறு வாங்கியது லிவர்பூல், செல்சி, ஆஸ்டன் வில்லா, ஆர்சனல் ஆகிய நாலு பேரிடம், ஆளுக்கு ஒரு முறை. 38-க்கு நாலு ரிஜெக்ட். திருப்பூரில் இந்தக் கம்பெனிக்கு மறுபடியும் ஆர்டர் கிடைக்கும். 2001-ல் ஆஸ்திரேலியாவிடம் 31-0 என்று தோற்ற அமெரிக்க சமோவா, கன்டெய்னரோடு திரும்பி வந்த சரக்கு. டெக்சாஸில் பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 1989 முதல் 1998 வரை தொடர்ந்து 80 ஆட்டம் தோற்றது. அது அவர்கள் ஊர் ஃபுட்பால், பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது; அது கிடக்கட்டும். எண்ணைக் கவனியுங்கள். உருவிய 80-ம் குறை. பல வருடம் கழித்து இதைக் கோல்கீப்பரிடம் சொன்னேன். "அப்ப கோளாறு துணியில இல்ல மாப்ள, மிஷின்ல இருக்குது" என்றான்.

தோற்றவன் ஒருநாள் தேறுவான் என்றும் ஒரு வாதம் உண்டு. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்ற இந்தியா, 1956 மெல்போர்னில் நான்காம் இடம் பிடித்தது. 2017-18 ஐ-லீகில் பத்து அணியில் எட்டாவதாக வந்த சென்னை சிட்டி எஃப்.சி., அடுத்த பருவமே பக்கத்தில் கோவை நேரு ஸ்டேடியத்தில் ஆடி சாம்பியன் ஆனது. எங்கள் விஷயத்தில் சோதித்துப் பார்க்க வழியில்லை. அடுத்த வருடம் கல்லூரி கபடிக்கு மாறிவிட்டது. கபடிக்கு ஏழு பேர் போதும். ஏழு பேரை ஷிப்மென்ட் நேரத்திலும் பிடித்துவிடலாம்.

கடைசி ஆட்டம் கோவை அணியோடு. இருபது நிமிடம் பாக்கியிருக்கும்போதே 5-0. அதன் பிறகு எங்கள் பக்கம் பந்து வந்தால் சுவரில் பட்டதுபோல் திரும்பியது. சுவரோடு ஆடிய பயிற்சி அன்றைக்குத்தான் உதவியது. கடைசி நிமிடத்தில் அவர்கள் அடித்தது கம்பத்தில் பட்டு வெளியே போக, விசில் ஊதியது. நாங்கள் கோல்கீப்பரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினோம். அவர்கள் கேப்டன் என்னிடம் வந்து, "ஏனுங்க, ஜெயிச்சது நாங்கதானுங்களே?" என்று உறுதிப்படுத்திக்கொண்டான்.

மேலே இருந்தவன் மணி கேட்டான். ஐந்தே கால். குதித்து இறங்கி, கையுறையை என் மடியில் போட்டுவிட்டு, சீருடையோடு சைக்கிளை மிதித்தான். பக்கத் தையல் அதற்குள் அவன் தொப்புளைத் தாண்டியிருந்தது.