கம்பெனியை மூடியாச்சு, வாட்ச்மேனுக்குத்தான் சொல்லலை

போடியில் ஏலத்துக்கு முன்னால் வியாபாரியைப் பார்க்க வேண்டும். எட்டு மில்லி சல்லடையில் நின்ற நல்ல ஏலக்காயைக் கையில் கொடுத்தாலும், உருட்டி, உரித்து, மோந்து, வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். விலை அப்புறம்தான். இந்த முகம் வராதவன் வாசனைச் சரக்குப் பக்கம் வரக்கூடாது.

டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. கண்டி அரசரின் தூதன் நான் என்று ஒரு டச்சுக்காரர் போய் நிற்க, 1618இல் கப்பல்களை அனுப்பிவிட்டார். தலைவர் ஓவே கெட்டே, 24 வயதுகூட நிரம்பாத பையன். நடுவழியில் தூதர் செத்துப்போனார். இலங்கையில் இறங்கினால், தூதர் போட்ட ஒப்பந்தம் நமக்குச் சரிப்படாது என்றுவிட்டார் கண்டி அரசர். இதற்கிடையில் முன்னால் போன கப்பலைக் காரைக்கால் பக்கம் போர்ச்சுக்கீசியர் உடைத்துவிட, அதிலிருந்து தப்பிக் கரையேறிய கிராப்பே என்பவர் நேரே தஞ்சாவூர் அரண்மனைக்குப் போய்விட்டார். கப்பலைப் பறிகொடுத்தவர் பேசியதில்தான் காரியம் நடந்தது. 1620 நவம்பரில் ரகுநாத நாயக்கர் தரங்கம்பாடியைக் கொடுத்தார், வருஷ வாடகைக்கு.

மிளகுக்காகக் கடல் தாண்டியவர்கள் கோட்டை கட்டிய இடம், மிளகுக்கொடி தலைகாட்டாத உப்பு மணல். கொடி இருப்பது இங்கே, போடிமெட்டுக்கு மேலே. கோட்டைக்கு டான்ஸ்போர்க் என்று பெயர் வைத்தார்கள். கீழே வெடிமருந்து, சாராயம், சிறை, மேலே ஆளுநர். வரிசையைப் பார்த்தாலே நிர்வாகம் புரியும்.

நிர்வாகம் அப்படித்தான் நடந்தது. தரங்கம்பாடி வியாபாரத்தை நடத்திய டேனிஷ் கம்பெனிக்கு 1639இல் கிளம்பிய கப்பலில் வந்த புதுத் தலைவர் லெயெல், தன் கம்பெனியின் கோட்டையையே முற்றுகை போட்டுத்தான் உள்ளே நுழைந்தார். 1648இல் அவருடைய ஆட்களே அவரைப் பிடித்து வெளியேற்றினார்கள். 1650இல் கோபன்ஹேகனில் கம்பெனியைக் கலைத்தாயிற்று. தரங்கம்பாடிக்கு ஒரு கப்பலும் வரவில்லை.

1655இல் அங்கே மிச்சம் ஒரே ஒரு டேனிஷ்காரர்: எஸ்கில்ட் கொங்ஸ்பக்க. ஊருக்குப் போகக் கப்பல் இல்லை, ராஜினாமாவை வாங்கிக்கொள்ள முதலாளி இல்லை. மனுஷன் அசரவில்லை. உள்ளூர் ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்தார். வங்கக் கடலில் போகிற கப்பலை மடக்கிச் சரக்கை விற்றுச் செலவைப் பார்த்துக்கொண்டார் (தணிக்கை வராத அலுவலகத்தில் எல்லாம் நடக்கும்). முற்றுகை போட்ட நாயக்கர் படையையும் சமாளித்து, ஊரைச் சுற்றி மதில் வேறு எழுப்பினார். ஒப்பந்தம் போட்ட பெரிய மனிதர்களை விட எனக்கு இந்த ஆளைத்தான் பிடிக்கிறது.

1669இல் ஒருவழியாக ஃபேரோ என்ற கப்பல் வந்தது. பார்த்தால் கோட்டையில் கொடி பறக்கிறது! பதினாலு வருஷமாக ஆளுநர் வேலை பார்த்தவரை அப்போதுதான் ஆளுநராக நியமித்தார்கள்.

1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் தள்ளிவிட்டார்கள். 1977இல் தமிழகத் தொல்லியல் துறை கோட்டையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்கியது. இப்போது உள்ளே அருங்காட்சியகம். 2000க்குப் பிறகு டென்மார்க்கிலிருந்தே ஆட்கள் பணத்தோடு வந்து பழுதுபார்க்க உதவினார்கள். விற்றுவிட்டுப் போன வீட்டுக்கு வெள்ளையடிக்க வருகிற கட்சியை எங்கள் ஏல வியாபாரிகள் கண்டால், அன்றைக்கே நாலு மூட்டை கடனாக ஏற்றிவிடுவார்கள்.